பெட்டி கத்துகிறதா?

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
12 ஜனவரி 2026

அன்பின் தங்கச்சி பிரசாவுக்கு,

நானும் அத்தானும் சுகம். அவருடைய முழங்கால் மட்டும் மழை வந்தால் முறைப்பாடு சொல்கிறது. நீ வெள்ளவத்தையில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை இன்னும் பாணும் பருப்பும்தானா?

கையெழுத்தைக் கண்டு நெஞ்சில் கை வைக்காதே. ஒருவருக்கும் ஒன்றுமில்லை. ஒரு பெட்டியைப் பற்றிக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

எங்கள் கரைவலைச் சங்கத்தில் ஆவணங்களைப் பார்த்துக்கொண்ட லாபிர் கட்டாருக்குப் போய்விட்டான். டிசம்பரிலிருந்து ஆவண அறையைப் பூட்டித் திறக்கிற திறப்பு என்னிடம். சல்லி முதல் நிலாவெளி வரை எந்தக் குடும்பம் எந்தக் கரைத்துண்டில் வலை இழுக்கலாம் என்று எழுதிய பாடு உரிமைப் பத்திரங்கள் அங்கேதான் இருந்தன. நவம்பர் வெள்ளத்தில் கூரை ஒழுகி, தாளெல்லாம் அலுமாரிக்குள்ளேயே களியாகிவிட்டது. லாபிர் அதற்கு முன்பே அவற்றை ஸ்கேன் பண்ணி ஒரு பெட்டிக்குள் போட்டு வைத்ததால் தப்பினோம். மே மாதக் கடைசியில் பாடுகள் பற்றி விசாரணை வருகிறது. தொண்ணூற்றுமூன்று குடும்பங்களின் கரை இப்போது ஒரு பிஸ்கட் டின் அளவுப் பெட்டிக்குள் இருக்கிறது. இதை நினைத்தால் எனக்குத் தண்ணீர் விடாய்க்கிறது.

பெட்டியின் முகப்பில் வெளியே இழுக்கக்கூடிய நாலு லாச்சி, ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன விளக்கு. மேலே ஒரு பெரிய விளக்கு. பெரியது பச்சையாக நின்றதாகத்தான் ஞாபகம். இப்போது செம்மஞ்சளாகி விட்டுவிட்டு எரிகிறது. நிறப் பென்சிலால் கீழே கீறியிருக்கிறேன், பார். அந்த அறைக்குள் ஃபோன் கொண்டுபோகத் தலைவர் வீரசிங்கம் ஐயா தடை போட்டுவிட்டார். போன வருடம் ஒருவருடைய பத்திரத்தை யாரோ படம் பிடித்து முகநூலில் போட்டுச் சண்டையாகிவிட்டது. வெளியாள் ஒருவரையும் உள்ளே விடவும் மாட்டார்.

நீ இப்படிப்பட்ட பெட்டிகளோடுதானே கொழும்பில் சீவிக்கிறாய்? அது என்னிடம் என்ன சொல்ல வருகிறது என்று எழுது.

அன்புள்ள அக்கா,
ரூபி


வெள்ளவத்தை,
18 ஜனவரி 2026

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். பாணும் பருப்பும்தான், ஆனால் இப்போது முட்டையும் சேர்த்திருக்கிறேன். அத்தானின் முழங்காலுக்கு நல்லெண்ணெய் பூசச் சொல்லுங்கள்.

கடிதத்தை வாசற்படியில் நின்றபடியே பிரித்தேன். ஐந்து மாதமாக என் அழைப்பை எடுக்காத அக்கா ஒரு பெட்டிக்காகவாவது எழுதினீர்களே. அந்தப் பெட்டி நன்றாக இருக்கட்டும்.

உங்கள் படம் எங்கள் அலுவலகத்துப் படங்களைவிடத் தெளிவு. முதலில் பெட்டியின் வேலையைச் சொல்கிறேன். உங்களுக்குக் கரைவலை தெரியும். வலையின் கம்பாக் கயிற்றை நாலு பேர் சேர்ந்து இழுக்கிற மாதிரி, ஒவ்வொரு பத்திரத்தையும் லாச்சியில் உள்ள டிஸ்க் எல்லாம் பங்குபோட்டுச் சுமக்கின்றன. ஒருவர் விழுந்தால் மற்றவர்கள் தாங்குவார்கள், வலை கரைக்கு வந்துவிடும். இரண்டு பேர் விழுந்தால் வலையும் போச்சு, மீனும் போச்சு.

மேலேயுள்ள பெரிய விளக்கு முழுப் பெட்டிக்கும் உரியது. அது செம்மஞ்சளில் விட்டுவிட்டு எரிந்தால் உள்ளே யாரோ ஒருவருக்கு ஏலாமல் போகிறது. சின்ன விளக்கு பச்சையென்றால் அந்த டிஸ்க் சுகம், செம்மஞ்சள் என்றால் வருத்தம். பச்சை துள்ளினால் வேலை செய்துகொண்டிருக்கிறது. நீங்கள் இரண்டாவது லாச்சிக்குச் செம்மஞ்சள் தீட்டியிருக்கிறீர்கள். நாலாவதை ஏன் வெறுமையாக விட்டீர்கள்?

முக்கியமான கேள்வி இனித்தான். பெட்டி கத்துகிறதா? சில வினாடிக்கு ஒருதரம் பீப் என்று மெல்லிய சத்தம் வரும். விளக்கு பார்க்கிறவருக்கு, சத்தம் பார்க்காதவருக்கு. ஒருவர் முழுதாக விழுந்துவிட்டால் அது நிச்சயம் கத்தும்.

எதற்கும் முதலில் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்கில் பிரதி எடுக்கமுடியுமா என்று கேளுங்கள்.

அன்புடன்,
பிரசா


திருகோணமலை,
27 ஜனவரி 2026

அன்பின் பிரசா,

முட்டை சேர்த்த செய்தி அறிந்து மகிழ்ச்சி. தைப்பொங்கலுக்கு நான் தனியாகத்தான் பொங்கினேன். அத்தானுக்கு அன்று இழுவைப் படகில் வேலை. வந்து, “ரூபி, சர்க்கரை காணாது!” என்று ஒழுங்கை முழுக்கக் கேட்கும்படி கத்தினார். எஞ்சின் அறையில் இருபத்திரண்டு வருடம் இருந்த மனிசன், வீட்டிலும் கத்தித்தான் கதைப்பார். அயலில் அவரைச் செவிடு என்று நினைத்திருக்கிறார்கள்.

நீ எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு அந்தப் பெட்டியில் பைத்தியம். பின்னேரங்களில் கதிரையை முன்னால் போட்டுக்கொண்டு பார்த்தபடி இருக்கிறேன். சல்லியில் இருக்கிற சிவபாக்கியம் அக்கா கிழமைக்கு ஒருதரம் வருவா. புருசன் கடலில் போனபிறகு அவவுக்கு மிச்சம் அந்தப் பாடு ஒன்றுதான். பத்திரத்தைத் திரையில் காட்டச் சொல்லிக் கேட்டு, புருசனின் கையெழுத்தைப் பார்த்துவிட்டுப் போவா. அவவின் பத்திரத்தை நான் திறக்கும்போது மூன்று விளக்கும் ஒன்றாகத் துள்ளும். இப்போது எனக்குத் தெரியும், மூன்று பேர் சேர்ந்து இழுக்கிறார்கள். போன நவராத்திரி வாணி விழாவுக்குப் போட்டோக்கொப்பி மெசினோடு இந்தப் பெட்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டவள் நான்தான். லாபிர் சிரித்துக்கொண்டு விலகி நின்றான். அன்றைக்கு யாரைக் கும்பிடுகிறேன் என்று தெரியாமலே கும்பிட்டிருக்கிறேன்.

நாலாவது லாச்சியில் விளக்கு எரிந்து நான் கண்டதில்லை. அது வெறும் லாச்சி போல. இரண்டாவது செம்மஞ்சள்தான், சந்தேகமில்லை.

பெட்டி கத்தவில்லை. இங்கே துறைமுகத்தில் கப்பல் ஊதினால் என் மேசை அதிர்வதுகூட எனக்குத் தெரியும். அப்படி அமைதியான அறை. பீப் என்றால் கேட்காமல் இருக்குமா?

பிரதி எடுக்கத் தலைவர் விடமாட்டாராம். “விசாரணை முடியும்வரைக்கும் ஒரு தாளும் இன்னொரு பெட்டிக்குப் போகாது, பிள்ளை” என்றார். இருக்கிற பெட்டியைத் திருத்தலாம், டிஸ்கையும் மாற்றலாம், அதையும் நான்தான் செய்யவேண்டுமாம். விரைவில் எழுது.

அக்கா


வெள்ளவத்தை,
3 பெப்ரவரி 2026

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே ஒரே புழுக்கம், மற்றபடி சுகம். அத்தானுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். கத்திச் சொல்லுங்கள்.

உங்கள் தலைவர் இருக்கிறாரே, வலை கிழிந்தபிறகுதான் ஊசி தேடுவார்போல. சரி, இருப்பதை வைத்துச் செய்வோம்.

கத்தவில்லை என்பது நல்ல செய்தி. ஒருவரும் இன்னும் விழவில்லை. இரண்டாவது ஆள் களைத்துப்போய் எச்சரிக்கிறார், அவ்வளவுதான். அவர் விழமுதல் மாற்றிவிடலாம். புதிய டிஸ்க் ஒன்றைப் பொதியில் அனுப்புகிறேன். பெட்டியை நிறுத்த வேண்டாம். இரண்டாவது லாச்சியின் விளிம்பில் ஒரு கொழுவி இருக்கும். அதை விரலால் அமர்த்தி நேராக இழுங்கள். பழையதை எடுத்து, புதியதைத் தட்டில் வைத்து, ‘டிக்’ என்று பூட்டும்வரை தள்ளுங்கள். பிறகு பெட்டி தானாகவே புதியவருக்கு வேலை பழக்கும்.

ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம். கத்தாமல் இருந்தால்தான் இதைச் செய்யலாம். கத்தினால் ஒருவர் ஏற்கெனவே விழுந்துவிட்டார் என்று அர்த்தம். அந்த நேரத்தில் நாமே இன்னொருவரை இழுத்து எடுத்தால் தொண்ணூற்றுமூன்று பத்திரமும் அந்த நிமிடமே போய்விடும். எங்கள் நிறுவனத்தாலும் மீட்க ஏலாது.

அக்கா, ஞாயிற்றுக்கிழமை மூன்று தரம் அழைத்தேன். கை வேலையாக இருந்திருப்பீர்கள்.

பிரசா


திருகோணமலை,
20 பெப்ரவரி 2026

அன்பின் பிரசா,

சுகம். உன் சுகமும் அதுபோல் இருக்கட்டும். பொதி பத்தாம் திகதியே வந்துவிட்டது. அழகாகச் சுற்றியிருக்கிறாய்.

இன்னும் மாற்றவில்லை. முதலில் கரிநாள் குறுக்கே வந்தது. பிறகு மின்சாரம் வெட்டுவார்கள் என்று கதை அடிபட்டது. பிறகு சங்கத்துக் கூட்டம். அந்தக் கூட்டத்தில் ஒரு பகிடி. தலைவர் முதல்நாள் போகிற போக்கில் ஏதோ கேட்டார், நானும் ஓம் என்றேன். பார்த்தால், நன்றியுரை சொல்ல என்னைக் கூப்பிடுகிறார்கள்! எழும்பி நின்று மேசைக்கும் கதிரைக்கும் நன்றி சொல்லிவிட்டு இருந்தேன். பரீனாவுக்குக் கண்ணீர் வரச் சிரிப்பு. கிண்ணியாவிலிருந்து வந்து எங்கள் முன் அறையில் கணினியில் தட்டச்சு செய்கிற பிள்ளை அவள்.

சிவபாக்கியம் அக்காவும் வந்துபோனா. “உள்ளுக்குக் கோழிக்குஞ்சு வளக்கிறீங்களோ, பிள்ளை?” என்று கேட்டா. நான் சிரித்துச் சமாளித்தேன்.

வேறு விசேடம் இல்லை. ஆறுதலாக மாற்றுகிறேன். அவசரமில்லைத்தானே?

அக்கா


வெள்ளவத்தை,
25 பெப்ரவரி 2026

அக்கா,

சுகம் விசாரிக்க நேரமில்லை. எந்தக் கோழிக்குஞ்சு?

ஒரு லாச்சியிலும் கை வைக்காதீர்கள். இரண்டாவதைத் தொடவே வேண்டாம். ஒரே ஒரு வரி எழுதுங்கள், போதும். பெட்டி கத்துகிறதா, இல்லையா?

பிரசா


வெள்ளவத்தை,
19 மார்ச் 2026

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்களும் அத்தானும் சுகமாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். ஒரு வரி கேட்டு இருபத்திரண்டு நாள். வேலைத்தளத்தில் விளக்குகளின் முன்னால் நிற்கும்போதும் உங்கள் பெட்டிதான் கண்ணுக்குள் நிற்கிறது.

இனி மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்டில் அப்பாவின் ஆண்டுத் திவசத்துக்கு நான் வரவில்லை. லீவு தரவில்லை என்று சொன்னேன். கேட்டிருந்தால் தந்திருப்பார்கள். அந்த வீட்டில் அப்பா இல்லாத கதிரையைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அன்றிலிருந்து நீங்கள் என் அழைப்பை எடுக்கவில்லை. கோபம் நியாயம். ஆனால் கோபத்தை என்னோடு வைத்துக்கொள்ளுங்கள் அக்கா, அந்தக் குடும்பங்களின் பத்திரத்தோடு வேண்டாம். என்னோடு கதைக்க விருப்பமில்லையென்றால் பரீனாவைக் கொண்டாவது எழுதுவியுங்கள்.

பிரசா


திருகோணமலை,
24 மார்ச் 2026

என் பிரசா,

உன் கடிதத்தைக் குசினியில் நின்று வாசித்தேன். சோறு அடிப்பிடித்துவிட்டது. நீ நலமாக இரு, முதலில் அதுதான் வேண்டும்.

உன்னோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை. எப்போதும் இருந்ததில்லை.

பெட்டி கத்துகிறது. எனக்குத்தான் கேட்கவில்லை.

ஜனவரியில் கத்தவில்லை என்று எழுதினேனே, அது பொய்யில்லை. எனக்குத் தெரியாது. பெப்ரவரி பன்னிரண்டாம் திகதி காலையில் உன் கடிதத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு இரண்டாவது லாச்சியின் கொழுவியில் விரலை வைத்தேன். அமர்த்தப்போகிற நேரம் சிவபாக்கியம் அக்கா கதவில் தட்டினா. வந்தவுடன் கோழிக்குஞ்சு என்றா. அவ பெட்டியைக் காட்டித்தான் கேட்டா, பிரசா. நான் பெட்டியைப் பார்த்தேன், அவவைப் பார்த்தேன். எனக்கு விசிறிச் சத்தம் கேட்டது. வெளியே கப்பல் ஊதியது கேட்டது. குஞ்சு மட்டும் இல்லை. விரலை எடுத்துவிட்டேன்.

இரவு அலாரம் மணிக்கூட்டைக் காதோடு வைத்துப் பார்த்தேன். கையில் அதிர்ந்தது. சத்தம் வரவில்லை.

யோசித்துப் பார்த்தால் ஒரு வருடமாகவே இப்படித்தான். ஆம்பிளைகளின் தடித்த குரல் கேட்கும். பெண்கள், பிள்ளைகள் கதைத்தால் பாதிச் சொல் வந்து சேராது. அத்தான் கத்துவதால் வீட்டில் ஒன்றும் வெளியே தெரியவில்லை. ஃபோனில் உன் குரல் தண்ணீருக்குள் இருந்து கதைக்கிற மாதிரி இருக்கும். எழுத உனக்குப் பஞ்சி, சோம்பேறி. ஃபோனில் ஒரு வரி அனுப்பினாலே உடனே அழைப்பாய். அதனால்தான் தாளில் எழுதினேன். தாளுக்கு மணி அடிக்காது.

அப்பாவுக்குக் காது போனபோது நாங்கள் இரண்டு பேரும் அவரை என்ன பாடு படுத்தினோம், ஞாபகமிருக்கிறதா? “அப்பா, இந்த முழுக் கடலையும் வித்துப்போடவோ?” என்று கேட்பாய். அவர் “ஓம், ஓம்” என்பார். நாங்கள் உருண்டு உருண்டு சிரிப்போம். இப்போது அந்த ஓம் என் வாயிலிருந்து வருகிறது. அவர் அன்றைக்கு என்ன விழுங்கிக்கொண்டு ஓம் சொன்னார் என்று இப்போது தெரிகிறது. அதை உன்னிடம் சொல்ல வெட்கம். சங்கத்தில் சொல்லப் பயம். வருகிறவர் போகிறவரின் முறைப்பாட்டைக் கேட்டு எழுதுவதுதானே என் வேலை? கேட்காதவளுக்கு எதற்கு அந்தக் கதிரை என்பார்கள்.

டிஸ்க் இன்னும் பொதிக்குள் இருக்கிறது. ஒன்றிலும் கை வைக்கவில்லை. இனி என்ன செய்ய?

உன் அக்கா


வெள்ளவத்தை,
28 மார்ச் 2026

என் அன்பு அக்காவுக்கு,

அழுதுவிட்டுத்தான் எழுதுகிறேன், எழுத்து கோணினால் மன்னியுங்கள். கடலை விற்ற கதையை இத்தனை வருடம் நானும் மறக்கவில்லை. முதலில் பெட்டியைக் காப்பாற்றுவோம். நீங்கள் விரலை எடுத்தீர்களே, அதற்குள் பாதி காப்பாற்றியாயிற்று.

இப்போது என் பிழையைச் சொல்லவேண்டும். நேற்று இரவு உங்கள் கடிதங்களைக் கட்டிலில் பரப்பி வைத்துத் திரும்ப வாசித்தேன். சிவபாக்கியம் அக்காவின் பத்திரத்தைத் திறந்தால் மூன்று விளக்கும் ஒன்றாகத் துள்ளும் என்று ஜனவரியிலேயே எழுதியிருக்கிறீர்கள். வருத்தக்கார டிஸ்க் மற்றவர்களோடு சேர்ந்து துள்ளாது, அக்கா. இது என் தொழில். நீங்கள் கண்ணால் கண்டு எழுதியதை நான் வாசித்தும் விளங்கிக்கொள்ளவில்லை. காது கேட்கிற நான் கேட்கவில்லை.

அதே பக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது. வாணி விழாவுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தீர்களே, பெட்டியில் எந்த இடத்தில் வைத்தீர்கள்?

ஈரத்துணி நுனியால் இரண்டாவது விளக்கை மெதுவாகத் துடையுங்கள். பிறகு நாலாவது லாச்சியின் கம்பி வலைக்கு டோர்ச் அடித்துப் பாருங்கள். வெறும் லாச்சி என்றால் பின்னாலுள்ள விசிறி தெரியும். டிஸ்க் இருந்தால் இரும்பு மறைக்கும். இரண்டாவது பச்சையாகி, நாலாவதில் இரும்பும் தெரிந்தால் விழுந்தவர் அவர்தான். அவரை எடுத்துவிட்டுப் புதியவரை அங்கே போடுங்கள். வேறு எதுவாக இருந்தாலும் நிறுத்துங்கள். நான் அடுத்த ரயிலிலேயே வருகிறேன். தலைவர் உள்ளே விடாவிட்டால் வாசலில் நிற்கிறேன்.

தனியாகச் செய்யாதீர்கள். ஒரு சோடிக் காதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரசா


திருகோணமலை,
6 ஏப்ரல் 2026

அன்பின் பிரசா,

சுகம், சுகம், சுகம். உனக்கும் அப்படியே.

பரீனாவை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். “பரீனா, இந்தப் பெட்டி கத்துதோ?” என்றேன்.

“ஓம் ரூபியக்கா. கதவு திறக்கிற நேரமெல்லாம் கேக்கும். நீங்கதான் ஏதோ வேணுமெண்டு வச்சிருக்கிறீங்க எண்டு நினைச்சன்.”

“எனக்கு அது கேக்கிறேல்ல, பிள்ளை.”

இத்தனை மாதம் ஒளித்து வைத்த சொல், சொல்ல ஒரு மூச்சுக்கூடப் பிடிக்கவில்லை. அவள் என் முகத்துக்கு நேரே வந்து நின்று, “அப்ப நான் கேட்டுச் சொல்லுறன்” என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

கைலேஞ்சியின் நுனியை நனைத்து இரண்டாவது விளக்கைத் துடைத்தேன். முதல் துடைப்பில் துணியில் சிவப்பு, அடுத்ததில் மஞ்சள். சந்தனம் காய்ந்து அதன்மேல் குங்குமம் ஒட்டியிருந்தது. கீழே தெளிவான பச்சை! கைலேஞ்சியை விரித்துப் பரீனாவுக்குக் காட்டினேன். பக்தியோடு நான் வைத்த பொட்டு, பிரசா. அதை நம்பி நல்லவனைக் கழுத்தில் பிடித்து வெளியே இழுக்கப் பார்த்தேன்.

நாலாவதில் டோர்ச் அடித்தோம். இரும்பு. வெறும் லாச்சி என்று நான் நினைத்தது, பாரம் இழுத்து விழுந்து கிடந்த ஆள். வெள்ளத்துக்குப் பிறகு மின்சாரம் வந்து வந்து போன நாட்களில் விழுந்திருக்கவேண்டும்.

கொழுவியை அமர்த்தி நேராக இழுத்தேன். புதியதைத் தட்டில் வைத்துத் தள்ளினேன். ‘டிக்’ எனக்குக் கேட்கவில்லை, விரலில் தெரிந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பரீனா வாய்க்குள் ஓதிக்கொண்டு நின்றாள், நான் கோணேசரைக் கூப்பிட்டேன். நாலாவது விளக்கு பச்சையாகத் துள்ளத் தொடங்கியது.

பதினேழு மணித்தியாலம் எடுத்தது. மறுநாள் காலையில் வந்து பார்த்தால் மேலேயுள்ள பெரிய விளக்கும் ஆடாமல் பச்சை. பரீனா காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டுக் கையை விரித்துக் காட்டினாள். “நிண்டிட்டுது அக்கா.”

எனக்கு அந்த அறை எப்போதும்போலத்தான் இருந்தது. ஆனாலும் அவளைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அக்கா


வெள்ளவத்தை,
11 ஏப்ரல் 2026

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகம். கடிதத்தை வேலைத்தளத்தில் வாசித்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். எங்கள் மேலதிகாரி எட்டிப் பார்த்தார்.

இத்துடன் ஒரு சின்ன விளக்கு அனுப்புகிறேன். பெட்டியின் பின்பக்கத்தில் செருகினால் போதும். இனி அது கத்துகிற நேரமெல்லாம் உங்கள் மேசையில் சிவப்பாக எரியும். நானே பொருத்தினேன், அசிங்கமாக இருந்தால் ஏசவேண்டாம். தயவுசெய்து அதற்குப் பொட்டு வைக்காதீர்கள்.

காதைக் காட்டினீர்களா? சங்கத்தில் சொன்னீர்களா? இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் வேண்டும். ஓம் என்ற ஒரு சொல்லை நான் ஏற்கமாட்டேன்.

உங்கள் பிரசா


திருகோணமலை,
5 ஜூன் 2026

அன்பின் பிரசா,

நாங்கள் சுகம். அத்தான் இப்போது மெதுவாகக் கதைக்கப் பழகுகிறார். பாவம், மூச்சு முட்டுகிறது அவருக்கு.

விசாரணை முந்தநாள் முடிந்தது. தொண்ணூற்றுமூன்று பத்திரத்தையும் அச்செடுத்துக் கொண்டுபோனோம். ஒன்றும் குறையவில்லை. சிவபாக்கியம் அக்காவின் பாடு தன்னுடையதென்று இன்னொருவர் உரிமை கேட்டு வந்திருந்தார். விசாரித்தவர் பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அவவின் புருசனின் கையெழுத்தைக் காட்டிக் கேட்டார். அவ அதில் விரலை வைத்து, “இது எங்கட ஆள்தான், ஐயா” என்றா. பாடு அவவுக்கே என்று எழுதிவிட்டார்கள். அடுத்த நாள் பெட்டிக்கென்று ஒரு மாம்பழம் கொண்டுவந்தா. பரீனாவும் நானும் வெட்டிச் சாப்பிட்டோம்.

பிரதி எடுக்கத் தலைவர் இப்போது சம்மதம். எடுத்துவிட்டோம்.

உன் இரண்டு கேள்விக்கும் பதில். ஆஸ்பத்திரிக் காதுக் கிளினிக்கில் காட்டினேன். மெல்லிய கீச்சுச் சத்தங்கள்தான் முதலில் போகுமாம், அப்படித்தான் எனக்குப் போயிருக்கிறது. ஒரு கருவி தந்திருக்கிறார்கள். முதல் நாள் தட்டு முட்டுச் சத்தத்தில் தலை இடித்துக் கழற்றி வைத்தேன். இப்போது நாளுக்கு நாலு மணித்தியாலம் போடுகிறேன். எல்லாம் கேட்காது, கொஞ்சம் கூடக் கேட்கும்.

சங்கத்துக் கூட்டத்தில் எழும்பிச் சொன்னேன். “எனக்குக் காது குறைவு. முகத்தைப் பாத்துக் கதையுங்கோ, எழுதித் தாறன்” என்றேன். தலைவர், “அப்ப அந்த நன்றியுரை...” என்றார். சபை முழுக்கச் சிரிப்பு, நானும்தான். கதிரை என்னிடமே இருக்கிறது. ஆனால் சிவபாக்கியம் அக்கா பிறகு என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னதுதான் சுட்டது. “பின்னால கூப்பிட்டால் திரும்பியும் பாக்கமாட்டீர். உம்மை மிதப்புப் பிடிச்ச ஆள் எண்டெல்லோ நான் நினைச்சனான்.” நீ என்னைக் கோபக்காரி என்று நினைத்தாய். நான் வாயைத் திறக்காமல் இருந்ததற்கு ஆளுக்கொரு அர்த்தம் எடுத்திருக்கிறீர்கள். பெட்டிக்கு இருந்த புத்தி எனக்கு இருக்கவில்லை. அது முதல் நாளே கத்தத் தொடங்கிவிட்டது.

ஆகஸ்டில் அப்பாவின் திவசம். இந்தமுறை வா. அவர் கதிரையை நான் எடுத்து ஒளிக்கமாட்டேன். நாங்கள் இரண்டு பேரும் அதற்குப் பக்கத்தில் இருப்போம்.

இந்தக் கடிதம் கிடைக்கிற கிழமை, ஞாயிறு பின்னேரம் ஐந்து மணிக்கு நானே உனக்கு அழைப்பு எடுப்பேன். மெதுவாகக் கதை, கத்தாதே, கத்தினால் இன்னும் விளங்காது. கேட்காத இடத்தில் ஓம் சொல்லமாட்டேன். திருப்பிச் சொல்லு என்பேன். எத்தனை தரம் கேட்டாலும் நீ திருப்பிச் சொல்லவேண்டும்.

உன் அக்கா,
ரூபி